ஸ்டேட்டன் தீவு ஃபெரி: நியூயார்க்கில் தனியாக உட்கார ஓர் இடம்

நியூயார்க்குக்குத் தனியாகப் போகிற யாராவது எங்கே போகலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஸ்டேட்டன் தீவு ஃபெரியைத்தான். சுதந்திர தேவி சிலையைக் காசு செலவழிக்காமல் பார்க்கலாம் என்பதால் பலரும் அதைச் சொல்வார்கள். என் காரணம் வேறு. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊரில், யாரும் எதுவும் கேட்காமல், நானும் எதையும் முடிவு செய்யாமல், சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கிடைத்த இடம் அந்தப் படகு.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்ஹாட்டனின் தென்கோடியில் இருக்கும் வைட்ஹால் துறையிலிருந்து ஸ்டேட்டன் தீவின் செயின்ட் ஜார்ஜ் துறை வரை 5.2 மைல். 25 நிமிடப் பயணம். இரவு பகல் பாராமல் வருடம் முழுக்க ஓடுகிறது. வேலைநாளின் நெரிசல் நேரத்தில் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒன்று, மற்ற நேரங்களில் அரை மணிக்கு ஒன்று. நடத்துவது நகரத்தின் போக்குவரத்துத் துறை. கட்டணம் 1972 வரை 5 சென்ட்டாக இருந்து, அப்புறம் படிப்படியாக ஏறி, 1990இல் 50 சென்ட் ஆனது. 1997 ஜூலை 4 முதல் முற்றிலும் இலவசம். டிக்கெட் என்ற ஒன்றே இல்லை.

இது சுற்றுலாப் படகு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்கிற அமைதிக்குக் காரணமே அதுதான். ஸ்டேட்டன் தீவு நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்று. ஏறக்குறைய 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் மன்ஹாட்டனுக்குச் சுரங்க ரயில் இணைப்பு கிடையாது. மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் தீவுக்காரர்கள் பலருக்கு ஆபீஸ் போகவும் வீடு திரும்பவும் இந்தப் படகுதான். கொரோனாவுக்கு முந்தைய காலத்தில் வருடத்துக்கு 2 கோடிக்கும் அதிகமான முறை மக்கள் இதில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

நான் அலுவலக வேலையாகச் சில வாரங்கள் அங்கே இருந்தேன். கூட வந்தவர்களுக்கு நியூ ஜெர்சியில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு எனக்கு முழுக்கக் காலி. நான் வளர்ந்தது கூட்டுக் குடும்பத்தில். கல்யாணம் ஆகிப் போனதும் அப்படியொரு வீடுதான். ஒரு நாள் முழுக்க ஒருத்தரிடமும் பேசாமல் இருந்த நினைவே எனக்கு இல்லை. போனில் அம்மா கேட்ட கேள்வி, "தனியாவா போறே? கூட யாராச்சும் இருக்காங்களா?" என்பதுதான். எனக்கு உள்ளூரப் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

தனியாகச் சுற்றுவதில் களைப்பு நடையால் வருவதில்லை என்பது ஒரே சனிக்கிழமையில் புரிந்துவிட்டது. எந்த வாசல், எந்த ரயில், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இப்போது சாப்பிடுவதா அப்புறமா, இந்தத் தெருவில் திரும்பலாமா வேண்டாமா என்று ஒவ்வொன்றையும் ஒரே ஆள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் நாலு பேர் பங்குபோட்டுக்கொள்கிற வேலை அது. உணவகத்தில் நுழைந்தால், "ஒருத்தர்தானா?" என்று கேட்டு, சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையைக் காட்டுகிறார்கள். உயரமான கட்டடங்களின் பார்வைத் தளங்களில், தனியாக நிற்பவரைப் பார்த்ததும் ஜோடிகள் வந்து கைபேசியை நீட்டிப் படம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் நான் தனியாக வந்திருப்பதை யாராவது ஒருவர் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். பழைய சரக்கு ரயில் பாதையைப் பூங்காவாக்கிய ஹைலைன் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் வார இறுதியில் அங்கே பின்னால் வருகிறவரின் வேகத்துக்குத்தான் நாம் நடக்க முடிகிறது. நின்றால் இடிக்கிறார்கள்.

ஃபெரியில் ஏறிவிட்டால் முடிவெடுக்க எதுவுமே இல்லை. படகு போகும் திசையில் போய்த்தான் ஆக வேண்டும். இடையில் நிறுத்தம் இல்லை, இறங்க முடியாது, தவறவிட எதுவும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் உங்களுடையது.

வைட்ஹால் துறைக்கு ஒன்றாம் எண் ரயிலில் வந்தால் சவுத் ஃபெரி நிலையத்தில் இறங்க வேண்டும். ஆர், டபிள்யூ ரயில்கள் வைட்ஹால் தெருவிலேயே நிற்கும். நான்கு, ஐந்தாம் எண் ரயில்களில் வருபவர்கள் பௌலிங் கிரீனில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். வெளியே வந்ததும் ஒரு எச்சரிக்கை. சீருடை போன்ற மேற்சட்டை போட்டுக்கொண்டு, "சிலைக்குப் படகு, டிக்கெட் இங்கே" என்று வழிமறிப்பவர்கள் அந்தப் பகுதியில் உண்டு. என்னையும் ஒருவர் பிடித்தார். நான் ஃபெரிக்குப் போகிறேன் என்றதும், அதற்கும் டிக்கெட் வேண்டும் என்று துணிந்து சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல் நேராக நடந்து உள்ளே போய்விடுங்கள். ஸ்டேட்டன் தீவு ஃபெரிக்கு யாரும் எங்கேயும் காசு வாங்கக் கூடாது. ஊருக்குப் புதிதாகத் தனியாக வருகிறவர்களைக் குறிவைத்து இப்படிச் செய்வது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தந்தது.

காத்திருப்புக் கூடம் பெரியது, வெளிச்சமானது. பழைய துறை 1991இல் தீப்பிடித்து எரிந்த பிறகு, 2005இல் திறந்த கட்டடம் இது. மோப்ப நாய்களோடு காவலர்கள் நிற்பார்கள். படகு வந்ததும் கண்ணாடிக் கதவுகள் திறக்கும். அதுவரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், கோயிலில் நடை திறந்ததும் நகர்கிற மாதிரி, ஒரே உடம்பாக முன்னால் நகரும். முந்த வேண்டிய அவசியமே இல்லை. புதிய படகுகள் ஒவ்வொன்றும் 4,500 பேரை ஏற்றும். வார இறுதி மதியத்தில் அத்தனை பேர் வருவதில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று கடைசியில் ஏறினாலும் இடம் கிடைக்கும்.

எங்கே உட்காருவது? சுற்றுலாக்காரர்கள் ஏறியதும் வலது பக்கத்துக்கு ஓடுவார்கள். ஸ்டேட்டன் தீவை நோக்கிப் போகும்போது சிலை வலது பக்கம்தான் தெரியும். முதல் தடவை நீங்களும் அங்கே போய் நின்று ஆசை தீரப் பார்த்துவிடுங்கள். பாதி வழிக்கு மேல் அந்தப் பக்கம் தானாகக் காலியாகிவிடும். சும்மா இருக்க வேண்டுமென்றால் நான் சொல்வது பின்பக்க வெளித்தளம். இந்தப் படகுகளுக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி, திரும்பாமலே போய் வரும். அதனால் எது முன், எது பின் என்று குழப்பம் வரும். நீங்கள் ஏறி வந்த பக்கம்தான் பின்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்றால் மன்ஹாட்டன் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும். காலையில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த கட்டடங்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் ஒரு கைக்குள் அடங்கிவிடும். தெருவில் இருக்கும்போது அந்த ஊர் என்னைச் சூழ்ந்துகொண்டு ஆயிரம் விஷயங்களைக் கேட்டது. பின்தளத்தில் நின்றபோது அதை முழுசாக, நிதானமாகப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது.

இடது பக்கத்தில் முதலில் கவர்னர்ஸ் தீவு வரும். அப்புறம் தூரத்தில் வெரசானோ பாலம் தெரியும். 1964இல் திறந்த தொங்கு பாலம், அதற்கு அந்தப் பக்கம் திறந்த கடல். நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள் நடுநடுவே நிற்கும். சில நேரம் கடலோரக் காவல் படையின் சின்னப் படகு ஒன்று, முன்னால் பொருத்திய துப்பாக்கியோடு பக்கத்திலேயே வரும். முதலில் பார்க்கும்போது திக்கென்று இருக்கும். அது வழக்கமான பாதுகாப்புதான்.

நான் இந்தப் பயணத்தில் எதிர்பார்க்காமல் கண்டது, செயின்ட் ஜார்ஜ் நெருங்கும்போது வலது பக்கம் வரும் ராபின்ஸ் ரீஃப் கலங்கரை விளக்கம். கீழ்ப்பாதி பழுப்பு, மேல்பாதி வெள்ளை. நடுத்தண்ணீரில் பாறைத் திட்டின் மேல் நிற்கும் குட்டையான இரும்புக் கோபுரம். அந்த நேரத்துக்குள் எல்லோரும் சிலையைப் படம் எடுத்து முடித்து உள்ளே போயிருப்பார்கள். நானும் அதைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் பார்த்தேன். பார்த்த பிறகு அறைக்கு வந்து படித்தேன்.

அங்கே கேட் வாக்கர் என்று ஒரு பெண் இருந்திருக்கிறார். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. கணவர் அந்த விளக்கின் காப்பாளர். வந்த புதிதில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீராக இருப்பதைப் பார்த்து மனம் கலங்கி, பெட்டிகளைப் பிரிக்கவே மறுத்திருக்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரித்தாராம். சில வருடங்களில் கணவர் நிமோனியாவில் இறந்துபோனார். கேட் விளக்கைத் தானே ஏற்று, 1919 வரை கவனித்துக்கொண்டார். பிள்ளைகளைப் படகில் உட்கார வைத்து, தானே துடுப்புப் போட்டு ஸ்டேட்டன் தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். விபத்தில் சிக்கிய படகுகளிலிருந்து சுமார் 50 பேரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். இன்று கடலோரக் காவல் படையின் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி விஷயத்தைப் படித்ததிலிருந்து, ஒவ்வொரு தடவையும் சிலையைத் தாண்டியதும் வலது பக்கம் போய் அந்தக் கோபுரத்துக்காகக் காத்து நின்றேன். நியூயார்க் துறைமுகத்தின் நடுவில், இவ்வளவு பெரிய ஊரின் விளக்குகள் எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க, முப்பது வருடத்துக்கும் மேல் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறாள். அந்த ஊரில் நான் பார்த்த எந்த அருங்காட்சியகத்தைவிடவும் அது என்னை அதிகமாகத் தொட்டது.

படகின் உள்ளே இருக்கிற மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் போய்வருகிறவர்கள் சிலையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் செய்தித்தாள் படிப்பார், ஒருவர் தூங்குவார். எனக்கு எதிரே மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்தார். நான் என் பையை நகர்த்தினேன். அவர் லேசாகத் தலையசைத்துவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துக் கண்ணை மூடினார். படகு துறையின் மரத்தூண்களில் உரசிக் கிரீச்சிடுவதற்குச் சற்று முன்னால், யாரும் எழுப்பாமலே விழித்துக் காலணியைப் போட்டுக்கொண்டார். அந்த இருபத்தைந்து நிமிடம் அவருக்கும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பூங்காவில் ஆள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு அக்கம்பக்கம் பார்க்கத் தோன்றியது. இங்கே நூறு பேருக்கு நடுவில், அவரவர் களைப்போடு அவரவர் உட்கார்ந்திருந்ததால், எனக்குப் பயமும் இல்லை, யாரையும் சமாளிக்க வேண்டிய வேலையும் இல்லை. தனியாகப் பயணம் போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

செயின்ட் ஜார்ஜில் எல்லோரும் கட்டாயம் இறங்க வேண்டும். அப்படியே உட்கார்ந்து திரும்பிவிட முடியாது. இறங்கி, காத்திருப்புக் கூடத்தைச் சுற்றி வந்து மறுபடி ஏற வேண்டும். பெரும்பாலான பயணிகள் அடுத்த படகைப் பிடிக்க ஓடுகிறார்கள். நீங்கள் ஓட வேண்டாம். வெளியே வந்து கரையோரமாகச் சில நிமிடம் நடந்தால் 'போஸ்ட்கார்ட்ஸ்' என்ற நினைவுச்சின்னம் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11இல் இறந்துபோன, ஸ்டேட்டன் தீவைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்டவர்களுக்காக 2004இல் எழுப்பியது. இரண்டு பெரிய வெள்ளைச் சிறகுகள், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகப் பார்த்தால், அன்றைய தாக்குதலில் இடிந்த உலக வர்த்தக மையக் கோபுரங்கள் நின்ற திசை தெரியும். சிறகுகளின் உட்பக்கத்தில் ஒவ்வொருவரின் பக்கவாட்டு முகமும் கல்லில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, வேலை பார்த்த இடம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் எத்தனையோ பேர் அன்று காலையிலும் இதே ஃபெரியில்தான் போயிருப்பார்கள். நான் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு பெயராகப் படிக்க நேரம் கிடைத்தது. மன்ஹாட்டனில் உள்ள பெரிய நினைவிடத்தில் கூட்டத்தில் எனக்கு அது முடியவில்லை.

துறைக்குப் பக்கத்தில் 2019இல் திறந்த கடை வளாகம் ஒன்று உண்டு. அதற்காகப் போக வேண்டியதில்லை. பசித்தால் டாம்ப்கின்ஸ்வில் பக்கம் நடக்கலாம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறைய இருக்கும் பகுதி. கொத்து ரொட்டி கிடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இருக்கைகள் கெட்டியாக இருக்கின்றன, முதுகு வலி உள்ளவர்களுக்குச் சிரமம். அறிவிப்பு ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. கழிப்பறை சுமார்தான், முடிந்தால் ஏறுமுன் போய்விடுவது நல்லது. உள்ளிருக்கும் சின்னக் கடையில் காபி குடித்தேன், சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதற்கில்லை. எல்லாப் படகிலும் வெளித்தளம் ஒரே அளவில் இல்லை. 2022இல் ஓடத் தொடங்கிய 'மைக்கேல் ஆலிஸ்' வகைப் படகு வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த வகையில் மேல்தளத்தில் படகைச் சுற்றி நடந்துவர வெளிப்பாதை இருக்கிறது. அதே வகையில் 'சேண்டி கிரவுண்ட்', 'டோரதி டே' என்று இன்னும் இரண்டு. எந்த நேரத்துக்கு எந்தப் படகு என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எது வருகிறதோ அதில் ஏற வேண்டியதுதான்.

நேரம் ரொம்ப முக்கியம். வேலைநாளில் காலையில் மன்ஹாட்டன் நோக்கி வரும் படகுகளும், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை தீவை நோக்கிப் போகும் படகுகளும் நிரம்பி வழியும். அவை வேலைக்குப் போகிறவர்களுக்கானவை, அவர்கள் இடத்தை நாம் அடைக்கக் கூடாது. வார இறுதியில் மதியம் மூன்று மணிக்கு மேல் போய், தீவில் கொஞ்ச நேரம் கழித்துவிட்டு, இருட்டத் தொடங்கும்போது திரும்புங்கள். திரும்பும்போது முன்பக்கம் நிற்க வேண்டும், மன்ஹாட்டன் விளக்குகள் ஒவ்வொன்றாக எதிரே வரும். காற்று எந்த மாதத்திலும் பலமாக இருக்கும். அக்டோபரிலேயே எனக்குக் காதை மூடும் குல்லா தேவைப்பட்டது. இரவு பத்துக்கு மேலும் தாராளமாக ஓடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி காத்திருக்க வேண்டும். தனியாக வருகிறவர்கள் கூடத்திலேயே காவலர்கள் நிற்கும் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சிலையின் காலடிக்கே போக வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் படகு சரிவராது. இது அங்கே நிற்காது, தூரத்திலிருந்துதான் காட்டும். அதற்குக் கட்டணப் படகு தனியாக இருக்கிறது, அதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நான் சொன்ன அமைதி கிடைக்காது. அவர்களுக்கு வேறு மாதிரி சந்தோஷம் கிடைக்கும், அதுவும் நல்லதுதான். தனியாக வந்து, சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்து, அடுத்தது என்ன என்று கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பவரிடம் மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்: பட்டியலில் மீதி இருப்பதில் இரண்டை அடித்துவிட்டு, அந்த நேரத்தில் வைட்ஹாலுக்குப் போங்கள்.